பதின்மூன்றாவது பதில்

மேஸ்திரியின் வேதாகமம் என் மேசைமேல் இருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாலும், கையை எடுத்ததும் அது மெல்லப் புரண்டு நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தில் போய் நின்றுகொள்கிறது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் விரித்து வைத்த புத்தகத்தின் முதுகு அப்படித்தான் பழகும். இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனாலும் பக்கங்கள் தாமாக ஒவ்வொன்றாகச் சாயும்போது நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுகிறேன். அந்தப் பக்கத்தின் ஓரம் முழுவதும் நீலக் கட்டைவிரல் ரேகைகள். குரோம் ஏற்றிய தோலைக் கையாண்டவர்களின் விரலில் அந்த நீலம் சோப்புக்கும் போகாது. ரேகைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பென்சில் கோடுகள். அவற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் ஷிப்ட் பொறுப்பாளன். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. எனக்குக் கீழே வேலை பார்த்தவர் மேஸ்திரி. என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். பொறுப்பாளன் என்று பெயர் எனக்கு; பொறுப்பெல்லாம் அவருடையது. எங்கள் பிரிவில் ஒரு தொட்டி இருந்தது. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்துக் கழுவும் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் வட்டமான தொட்டி, இரண்டு ஆள் ஆழம். மயிரும் சவ்வும் போய் பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும். மாதத்துக்கு இரண்டு முறையாவது யாராவது இறங்கி அதை எடுக்க வேண்டும். ஆளை இறக்கக் கூடாது என்பது சட்டம். அது எல்லாருக்கும் தெரியும். சட்டம் தெரியாமல் யாரும் தப்பு செய்யவில்லை. இறங்குவதற்கு முன்னால் உள்ளே விஷ கேஸ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. அதன் பேட்டரி பாதி நாள் தீர்ந்திருக்கும்.

அந்த கேஸுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றம் நின்றுவிடும். மூக்குதான் முதலில் சாகிறது. "நாத்தம் கீற வரைக்கும் பயமில்ல. நாத்தம் நின்னா ஏறிடு" என்று மேஸ்திரி சொல்வார். எந்த நேரமும் நாறிக்கொண்டே இருந்த அந்த இடத்தில், சில சமயம் திடீரென்று காற்று சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம். யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சி, "வருது, வருது" என்றபிறகுதான் கை கால் அசையும். நாற்றத்துக்காக நன்றி சொன்ன மனிதர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

தொட்டிக்குள் இறங்குகிறவரை நாங்கள் கலவைக்காரர் என்றே கூப்பிடுவோம். கலவை என்ற ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவர். ஒல்லி, வாய்த்துடுக்கு, எதற்கும் அவசரம். ஆரம்பத்தில், அவர் உள்ளே இருக்கும்போது மேஸ்திரி மேலிருந்து, "கீறியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கலவைக்காரர் "உம்" என்பார். சில சமயம் அதையும் சொல்ல மாட்டார். உம் என்பதில் மயக்கம் தெரியாது, தூக்கம் தெரியாது. மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் சர்ச்சிலிருந்து அவர் ஒரு யோசனையோடு வந்தார். எங்கள் ஆராதனையில் சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிப்போம். போதகர் ஐயர் ஒரு பாதி, சபையார் ஒரு பாதி. நூற்று முப்பத்தாறில் இருபத்தாறு வசனம். ஒவ்வொன்றின் மறுபாதியும் ஒன்றேதான்: அவர் கிருபை என்றுமுள்ளது. மேலிருந்து மேஸ்திரி முதல் பாதியை வாசிக்க வேண்டும், உள்ளே இருப்பவர் மறுபாதியைச் சொல்ல வேண்டும். ஒரு பதில் வராவிட்டால் கயிற்றை இழுத்துவிடுவது. நாக்கு தடித்தால் 'கிருபை' குழறும், குழறினாலும் இழுத்துவிடுவது. இருபத்தாறு முடிந்தால் வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் மேலே ஏறிவிடுவது. கடிகாரமும் அதுவே, காவலும் அதுவே.

கலவைக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. அவர் வீட்டில் அம்மன் படத்துக்கு விளக்கேற்றுகிறவர்கள். "உங்க சாமிக்கு ஞாபக மறதி ஜாஸ்தியா மேஸ்திரி? ஒரே பதில இருபத்தாறு வாட்டி சொல்ல வேண்டிகீது" என்பார். மேஸ்திரி சிரிக்காமல், "மறதி அவருக்கு இல்லப்பா, நமக்கு" என்பார். ஆனால் கலவைக்காரர் ஒரு பதிலைக்கூட விட்டதில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் மட்டும், மேஸ்திரி வாசித்து முடிக்கும் முன்பே பதிலைச் சொல்லி அவரைத் துரத்துவார். மேஸ்திரிக்குச் சங்கீதம் மனப்பாடம். இருந்தாலும் காலி பேரல் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் புத்தகத்தை விரித்துவைத்துத்தான் வாசிப்பார். மனப்பாடமாகச் சொன்னால் வேகம் பிடித்துவிடும் என்று பயம். ஒவ்வொரு முறையும் கலவைக்காரர் எந்த வசனத்தில் ஏறினாரோ, அதன் ஓரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு வைப்பார். பேருக்கு அது எங்கள் பாதுகாப்புப் பதிவேடு.

அந்தத் தொட்டியிலிருந்து வரும் குரலை நான் மறந்ததில்லை. வட்டச் சுவரில் மோதி அது வேறொன்றாகி வரும். கலவைக்காரருக்குக் கீச்சுக்குரல், ஆனால் உள்ளிருந்து கேட்பது வயதான, ஈரமான, யாருக்கும் சொந்தமில்லாத குரல். முதல் தடவை கேட்டபோது, உள்ளே வேறு யாரோ இருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். மேலே நின்று குனிந்து பேசினாலும் அப்படித்தான். வார்த்தை உள்ளே விழுந்து அந்தக் குரலோடு திரும்பி வரும். தொட்டி எல்லாரையும் ஒரே ஆளாக்கிவிடும்.

நான்கு வருடம் எதுவும் நடக்கவில்லை. சங்கீதம் காப்பாற்றியது என்று மேஸ்திரி சபையில் சாட்சி சொன்னார். நானும் தலையாட்டினேன். ஒரு மீட்டருக்குப் பேட்டரி வாங்கித் தர வக்கில்லாத இடத்தில் கர்த்தருடைய வார்த்தையைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறோம் என்பது எனக்கு அப்போது வெட்கமாகப் படவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. பேட்டரிக்கு எழுதிக் கேட்க வேண்டியவன் நான். எழுதிக் கேட்டேன், ஒரு தடவை. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். பக்கத்து ஷெட்டில் தோல் உருட்டும் டிரம்கள் சுற்றிக்கொண்டிருந்தன, சத்தம் அதிகம். கலவைக்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, "சீக்கிரம் படி மேஸ்திரி, இன்னிக்கு மத்தியானம் வூட்டுக்குப் போணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மேஸ்திரி கயிற்றை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பேரலின் முன்னால் நின்றார். நான் தொட்டியின் எதிர்க் கரையில், தொட்டிப் பக்கம் குனிந்தபடி லாக் ஷீட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். கர்த்தர் நல்லவர் என்ற முதல் வசனம், வானங்களை உண்டாக்கினவர், தண்ணீர்களுக்குமேல் பூமியைப் பரப்பினவர், சூரியன், சந்திரன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. எகிப்தின் தலைச்சன்கள் இறந்த பத்தாம் வசனத்தை மேஸ்திரி எப்போதும் கொஞ்சம் விரைவாகக் கடப்பார். அதற்கும் பதில் வந்தது.

பதினொன்றுக்கும் வந்தது. பன்னிரண்டுக்கும் வந்தது. பன்னிரண்டாவது பதிலின் கடைசிச் சொல்லில், என் உதடு மூடுவதை நான் உணர்ந்தேன். சொன்னது நான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் சபையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். எழுதுகிற கை எழுதிக்கொண்டிருக்க, வாய் தன் பாட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. பதினொன்றையும் நான்தான் சொன்னேனா என்று யோசித்தேன். ஆமாம், நான்தான். அப்படியானால் உள்ளிருந்து ஒன்றும் வரவில்லையா? அல்லது என் குரலோடு சேர்ந்து வந்ததா? அப்போதுதான் கவனித்தேன், நாற்றம் இல்லை.

நான் கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மேஸ்திரி பதின்மூன்றாம் வசனத்தைத் தொடங்கியிருந்தார். சிவந்த சமுத்திரத்தை இரண்டாகப் பிரித்தவரைப் பற்றியது. அவர் 'சமுத்திரத்தை' என்ற இடத்தில் இருக்கும்போதே, முடிக்குமுன், தொட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது. அவர் கிருபை என்றுமுள்ளது. தெளிவாக, அவசரமாக, அந்த வயதான குரலில். என் வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. இது மட்டும் எனக்கு நிச்சயம். மேஸ்திரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பதில் வந்துவிட்டதே என்று எனக்கு உயிர் வந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். அவர் பதினான்கை வாசித்தார். டிரம்கள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அலறிக்கொண்டு இழுத்தார். நானும் ஓடிப்போய் இழுத்தேன். டிரம் ஷெட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கலவைக்காரர் மேலே வந்தபோது கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது. அவ்வளவுதான்.

அன்று மாலை கலவைக்காரரின் மனைவியிடம் மேஸ்திரி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "பதிமூணு வரைக்கும் பதில் சொன்னாம்மா. பதினாலுல நின்னுச்சு, ஒடனே இழுத்துட்டேன்." விசாரணையிலும் அதையே சொன்னார். நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். பதினொன்றும் பன்னிரண்டும் என்னுடையவை என்று சொல்ல வாயெடுத்த போதெல்லாம், பதின்மூன்று குறுக்கே வந்து நின்றது. அது யாருடையது? அவர் பதினொன்றில் அடங்கிவிட்டார் என்றால் பதின்மூன்றைச் சொன்னது யார்? எரிகிற சூளையில் மூன்று பேரைப் போட்டபோது அவர்களைக் காக்க நான்காவதாக ஒருவர் உலாவினார் என்று வேதத்தில் இருக்கிறது. அந்தத் தொட்டியிலும் ஒருவர் நின்றிருக்கலாம் அல்லவா? இப்படி யோசித்தால் உடம்பு சிலிர்க்கும்; ஆனால் அந்தச் சிலிர்ப்பில் ஒரு சுகமும் இருந்தது. தேவதூதன் வந்த இடத்தில் என் குற்றத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

தொட்டியை மூடிவிட்டார்கள். நான் வேலையை விட்டு ஆம்பூர்ப் பக்கம் வந்தேன். இப்போது ஒரு ஷூ கம்பெனியில் பாதுகாப்பு அலுவலர். காலையில் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களுக்கு நான் ஒரு பேஜார் பிடித்த மனிதன். கையுறை எங்கே, மாஸ்க் எங்கே என்று உயிரை வாங்குகிறவன். மேஸ்திரி கிறிஸ்துமஸ் தோறும் கேக்கோடு வருவார். வீட்டில் ஜெபித்துவிட்டுக் கிளம்புவார். ஒரே ஒரு வருடம் மட்டும், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சார், அந்தப் பதிமூணு..." என்று ஆரம்பித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல, வர்றேன் சார்" என்று போய்விட்டார். அவருக்கும் அது தேவதூதன்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

போன மாதம் மேஸ்திரி இறந்துபோனார். அடக்கம் முடிந்து நான்காம் நாள் அவர் மகள் வந்து, "அப்பா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு" என்று வேதாகமத்தை நீட்டினாள். மேசைமேல் வைத்தேன். பக்கங்கள் புரண்டு அந்தச் சங்கீதத்தில் நின்றன. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பழைய கோடுகளுக்கு நடுவே, பதினொன்றின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'சார்' என்று இருந்தது. பன்னிரண்டின் ஓரத்திலும் 'சார்'. பதின்மூன்றின் ஓரத்தில் எழுத்து இல்லை. ஏதோ எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்து, காகிதம் நூலாகித் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தின் எழுத்து தெரிந்தது. அவருக்கு முதலிலிருந்தே தெரியும். அன்று தொட்டியின் மறுகரையில் என் உதடு அசைந்ததை அவர் பார்த்திருக்கிறார். பார்த்ததைப் புரிந்துகொள்வதற்குள் காலம் கடந்திருக்கிறது. அதன்பிறகு கேக் கொண்டுவந்து, என் வீட்டில் என் பிள்ளைகளுக்காக ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கலவைக்குப் போனேன். கலவைக்காரரின் மனைவி வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, "இன்னா சார், இத்தினி வருசம் கழிச்சு" என்று நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்று, பன்னிரண்டு, என் வாய், நாற்றம் நின்றது, என் கையெழுத்து. பதின்மூன்றைப் பற்றியும் சொன்னேன். அவர் கை கடலையை உரித்துக்கொண்டே இருந்தது.

"அந்தப் பதிமூணு எப்படி சார் வந்துச்சு? மெதுவாவா, வேகமாவா?"

"வேகமா. மேஸ்திரி வாசிச்சு முடிக்கறதுக்கு முன்னாடியே."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது எனக்காக வந்தது அல்ல. "அப்ப அவருதான் சார். வேற யாரு? வெளிய வரணும்னா அப்படித்தான் அவசரப்படுவாரு. நான் சோறு போட்டு முடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு எழுந்துடுவாரு. எங்கூட்டுக்காரருதான் அது."

சொல்லிவிட்டு மறுபடியும் ஒரு கடலையை எடுத்தார். எடுத்த கை நின்றது. அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன். இத்தனை வருடம் நானும் மேஸ்திரியும் ஒரு தூதனுக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தோம். அங்கே நின்றது கலவைக்காரர்தான். பதின்மூன்றாம் வசனம் வரைக்கும் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். பதினொன்றில் நாக்கு எழாமல் போராடியிருக்கிறார், பன்னிரண்டிலும். மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, ஏற்றிவிடு என்று கேட்கத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டிருக்கிறார். பதினொன்றாம் வசனம் தம் ஜனத்தை வெளியே கொண்டுவந்தவரைப் பற்றியது. பன்னிரண்டு, அதற்காக நீட்டிய பலத்த கையைப் பற்றியது. அந்த இரண்டு வசனத்திலும் கயிறு சும்மா கிடந்தது. நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி நல்ல மனுசன்" என்றார் அவர், கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டுவிட்டு. "எங்கூட்டுக்காரர இழுக்க முடியல. உங்கள இழுத்து வெளிய வுட்டுட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினேன். இந்த வாரம் தொழிற்சாலைத் துறைக்கு, நான் அன்று போட்ட கையெழுத்து பொய் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். வேலை போகலாம். அதற்குமேலும் வரலாம். அதெல்லாம் வரவேண்டியதுதான்.

தூதன் என்று நினைத்திருந்த வரைக்கும் எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் தூங்கினேன். மனிதர் என்று தெரிந்தபின் தூக்கம் இல்லை. மேஸ்திரியின் புத்தகம் மேசைமேல் அதே பக்கத்தில் கிடக்கிறது. பதின்மூன்றின் ஓரத்து ஓட்டையில் எதுவும் எழுத முடியாது. எழுதக் காகிதம் இல்லை. அதனால் அதற்குப் பக்கத்தில், நீல ரேகைமேல், பென்சிலால் 'கலவைக்காரர்' என்று எழுதி வைத்தேன். போன ஞாயிறு சபையில் அந்தச் சங்கீதம்தான் வந்தது. ஐயர் முதல் பாதியை வாசிக்க, எல்லாரும் மறுபாதியைச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு பதிலும் முடிந்தபின், அதில் எந்தக் குரல் குறைகிறது என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.